பனிமலையில் நான் எடுக்காத போன்

வாயைத் திறந்தால் வசவு மட்டுமே தெரிந்த என் அம்மாவுக்கு,

நீ போய் நாளை மறுநாளோடு ஒரு வருசம். நல்ல மகளாக ஒரு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நீயும் எனக்கு நல்லவளாக இருந்ததில்லை, நானும் உனக்கு இருந்ததில்லை. அப்புறம் எதற்கு நடிப்பு?

ஊர்ச் செய்தி கேட்பாய். அகரத்தில் நம் மல்லித் தோட்டத்தை அண்ணன்தான் பார்க்கிறான். பாதிச் செடி பட்டுப்போச்சாம். கேள்விப்பட்டதுதான், நான் அந்தப் பக்கம் போவதில்லை. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பக்கத்திலேயே வாடகை வீடு. மாடியில் துணி காயப்போடும்போது சிறுமலை தெரியும். தெரிந்த உடனே உன் குரல் கேட்கும்.

"மலையப் பாக்கவாடி அம்புட்டுத் தூரம் போற? வாசல்ல நின்னு தலையத் தூக்கு, சிறுமலை தெரியுதுல்ல!"

மஸ்கட் ஆஸ்பத்திரியில் பதினோரு வருசம். யார் யார் அம்மாவையோ குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்க வைத்தேன். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பும் முன், கூட வேலை பார்த்த இரண்டு பெண்களோடு பத்து நாள் ஜார்ஜியா போக ஆசைப்பட்டேன். பனி விழும் மலை நாடு. எனக்கென்று வாழ்க்கையில் நான் எடுத்துக்கொண்ட முதல் பத்து நாள் அது. நேராக வீட்டுக்கு வராமல் ஊர் சுற்றப் போகிறேன் என்றதும் நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

உனக்கு எழுத்து வராது. போனில் மைக் பொம்மையை அமுக்கிப் பேச மட்டும் அண்ணன் பழக்கிவிட்டிருந்தான். விடிகாலையில் பூப் பறித்துக்கொண்டே எனக்குப் பேசி அனுப்புவாய். பின்னால் மோட்டார் ஓடும், முன்னால் நீ ஓடுவாய். பயணத்தின் ஐந்தாம் நாள் வந்ததை இன்னும் நான் அழிக்கவில்லை.

"புருசனே வேணாம்னு விட்டுட்டுப் போனவளுக்கு மலை கேக்குதோ? வெக்கங்கெட்ட மூதேவி. நீ வாரப்ப நான் இருக்க மாட்டேன், பாத்துக்க."

இருக்க மாட்டேன் என்று நீ மிரட்டாத நாள் எது? நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புருசனைச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

ஆறாம் நாள் வேனில் மலையேறிக்கொண்டிருந்தோம். உன் நம்பரிலிருந்து போன். மிச்சத்தைத் திட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று அடிக்க விட்டேன். மறுபடியும் அடித்தது. கட் பண்ணினேன். "யாரு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "எமன்" என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மேலே போய்ப் பனியில் கையை விரித்து நின்று ஒரு போட்டோ எடுத்தேன். உனக்கு வயிறு எரியட்டும் என்றுதான் அனுப்பினேன். கூடவே நானும் உன்னைப்போல் மைக்கை அமுக்கிப் பேசினேன். "இந்தா, நல்லா பாத்துக்க. வயிறெரிஞ்சு சாவு."

ஆமாம் அம்மா. அப்படித்தான் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. குரல் இல்லை, எழுத்து. "நல்லா இருக்கு பாப்பா. சூதானமா போயிட்டு வா."

நீ என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதே இல்லை. அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான், அண்ணன் முருகேசன். உன் போனில் அவன் ஏன் எழுதுகிறான்? திட்டாமல் நீ எங்கே போனாய்? நர்ஸ் வேலையிலேயே பாதி வயதைக் கழித்தவள் நான். ஒரு வீட்டில் எல்லோரும் திடீரென்று இதமாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

திருப்பி ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது.

அந்த நாலு நாளும் போட்டோ அனுப்பினேன். "சாப்டியா பாப்பா", "குளுருக்குப் போத்திக்க பாப்பா" என்று பதில் வந்தது. முப்பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு நல்ல அம்மா கிடைத்தாள், அவளைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. நீ வீம்பில் இருக்கிறாய், அண்ணன் சமாளிக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி நாள் கடைவீதியில் மற்ற இரண்டு பேரும் அவரவர் அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை வாங்கினார்கள். நானும் அரக்குக் கலரில் ஒன்றைக் கையில் எடுத்தேன். செத்த நேரம் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டேன். அப்போதே எனக்குத் தெரியும் அம்மா.

மதுரை விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மொட்டைத் தலையோடு நின்றான்.

"அம்மா போயிருச்சு பாப்பா. பூப் பறிக்கையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துச்சு. எந்திரிக்கவே இல்ல."

ஊரில் சாமிக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். பிணத்தை அன்றைக்கே எடுத்தால்தான் திருவிழா நடக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் போனைக் கட் பண்ணிய அதே நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்திருக்கிறார்கள். நான் போட்டோ அனுப்பியபோது நம் ஊரில் மணி ஒன்று. என்னால் வந்து சேர்ந்திருக்க முடியாதுதான். ஆனால் நான் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் வீடியோவில் உன் முகத்தையாவது அண்ணன் காட்டியிருப்பான். அதற்கப்புறமும் நாலு மணி நேரம் நீ வாசலில்தான் கிடந்தாய்.

இத்தனையும் தெரிந்த நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? நம் வீட்டு வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழக் காத்திருந்த சனத்துக்கு முன்னால் அண்ணனை அறைந்தேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனை 'டா' போட்டேன்.

"ஒரு போன் போட்டியாடா? மூஞ்சியக்கூடக் காட்டாம எரிச்சிட்டியேடா பாவி!"

அப்போதுதான் தெரிந்தது, அவன் ஊர்க்காரர்களிடம் வேறு சொல்லியிருந்தான். பாப்பாவிடம் சொல்லியாச்சு, வீடியோவில் முகம் பார்த்துவிட்டது, தனியாகக் கிடந்து அழுகிறது, யாரும் போன் போட்டுக் கிளறாதீர்கள் என்று. என் பெயர் கெடக்கூடாது என்று அவன் சொன்ன பொய்யை நானே அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்தேன்.

உன் போன் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் போதும். ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீதான் கட் பண்ணினாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "தப்புத்தான் பாப்பா" என்றான்.

சித்தையன்கோட்டை மாமா, உன் தம்பி, துண்டை உதறித் தோளில் போட்டார். "வீடியோவுல பாத்துருச்சுன்னு எங்கிட்டயே புளுகுனியேடா. இனி ஒன் வாசல மிதிச்சா நான் மனுசனில்ல." இன்றுவரை மிதிக்கவில்லை. தை மாதம் அண்ணன் மகள் பெரிய மனுசியானபோது உன் பிறந்த வீட்டு ஆட்கள் ஒருத்தரும் போகவில்லை. முன்னால் நிற்க வேண்டிய அத்தைக்காரி நானும் போகவில்லை. போகிறேன் என்றவர்களையும் நான்தான் தடுத்தேன். ஒரு வருசமாகச் சொந்தக்காரர் வீடு வீடாக அவனைப் பற்றித்தான் பேசினேன். பேசப்பேச எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். இளைத்துப் போயிருந்தான். "அம்மாவுக்கு வருசம் வருது. வந்து நில்லு பாப்பா. எனக்காக இல்ல." கிளம்பும்போது உன் போனைக் கையில் வைத்தான். "இது ஒங்கிட்ட இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுப் பார்த்தேன். நீ எனக்கு அனுப்பிய வசவெல்லாம் அப்படியே இருந்தன. அந்த இரண்டு அழைப்புகள் இல்லை. வயிறெரிஞ்சு சாவு என்ற என் குரலும் இல்லை. அழித்துவிட்டிருந்தான். எந்த நாள் உட்கார்ந்து அழித்தான்? நான் அறைவதற்கு முன்னாலா, பின்னாலா?

அவன் அழித்தது உன் போனில்தான் அம்மா. என் போனில் எல்லாம் இருக்கிறது.

நாளை மறுநாள் வருவேன். மாமா காலில் விழுந்தாவது அவரையும் கையோடு கூட்டி வருவேன். அண்ணனை அறைந்த அதே இடத்தில் நின்று, போன் வந்தது, நான்தான் கட் பண்ணினேன் என்று சொல்வேன். என் குரலை எல்லோரும் கேட்கப் போட்டுக் காட்டுவேன். "விடு பாப்பா" என்று அவன் தடுப்பான். விடமாட்டேன். நீ திட்ட வேண்டியதையெல்லாம் ஊர் திட்டட்டும்.

முருகேசனுக்குத் தங்கச்சியும், உனக்கு மூதேவியுமான
சாந்தி