என் 7 வுட்டும் அவருடைய 3 வுட்டும்

8 ஜூலை, செவ்வாய்

புகைமூட்டம். கிளினிக் கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தாலும் அதே மங்கல். காலையில் ரூட் கெனல், மத்தியானம் பிடிவாதமான கடைவாய்ப்பல் ஒன்று.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை மேல் நீளமான பெட்டி. என் வீட்டுக்காரர் எனக்கு கோல்ஃப் மட்டை வாங்கி வந்திருக்கிறார். 3 வுட். ஊதா நிற உறை. அதில் பூ வேறு.

"நம்ம கிளப் டத்தோ சொன்ன கடை. லேடீஸ்க்குன்னே செஞ்சது. இத வச்சு அடிச்சா தூரமா போகும், சாந்தா."

போகும். தரையோடு உருண்டு. 3 வுட்டின் முகம் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். புல்லில் கிடக்கும் பந்தை அது கிளப்ப வேண்டுமானால் அசுர வேகத்தில் வீச வேண்டும். அந்த வேகம் எனக்கு இல்லை. அவருக்கும் இல்லை, அது அவருக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது 7 வுட். சாய்ந்த முகம், லேசான தண்டு. பந்து எழும்பிப் போய் குழியைச் சுற்றியுள்ள கிரீனில் மெத்தென்று விழும். வாய் வலிக்கச் சொல்லியாயிற்று. தன் லோரிகளுக்கு டயர் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர், பெண்டாட்டிக்கு மட்டை வாங்கப் பூவைப் பார்த்திருக்கிறார்.

"வேணாங்க. திருப்பிக் குடுத்துடுங்க."

"அடிச்சே பாக்காம வேணாங்கிற. அதான் பொம்பளைங்க."

9 ஜூலை, புதன்

வெயில். தொண்டையில் கரகரப்பு.

புஷ்பா அக்கா ஃபோன். எங்கள் கோல்ஃப் கிளப்பின் பெண்கள் அணித் தலைவி. "ஜொகூர் போட்டிக்கு டீம்ல ஒரு இடம் காலியா இருக்கு சாந்தா. ஞாயித்துக்கிழம உன் ஆட்டத்த நானே வந்து பாக்கறேன். ஒழுங்கா ஆடுலா."

ஞாயிறு ஜோடிப் போட்டி. ஒரே பந்து, புருஷன் ஓர் அடி, பெண்டாட்டி ஓர் அடி. அவர் எங்கே தள்ளிவிடுகிறாரோ அங்கேயிருந்து நான் அடிக்க வேண்டும். கல்யாணம் மாதிரியேதான்.

கிளப்பில் நான் "லோகா வைஃப்". உறுப்பினர் அட்டையிலும் அவர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் என் பெயர். அணிச் சட்டையில் என் பெயர் மட்டும் இருக்கும். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

10 ஜூலை, வியாழன்

கிளினிக் அரை நாள். சுபாங்கில் வேறொரு கடை. "பெண்கள் பகுதி" என்று ஒரு மூலை. மட்டையைவிடத் தொப்பி அதிகம்.

விற்பனையாளர்: "பிங்க் இருக்குக்கா. லைட் பர்ப்பிளும் இருக்கு."

தண்டின் எடை கேட்டேன். மறுபடியும் கலர் சொன்னார். நாட்டில் உள்ள பெண்களுக்கெல்லாம் ஒரே உயரம், ஒரே பலம், ஒரே ரசனை என்று யாரோ ஓர் ஆபீசில் உட்கார்ந்து முடிவு கட்டியிருக்கிறான்.

வலைக்குள் நின்று நானே ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். 5 வுட், பரவாயில்லை, ஆனால் தாழப் போகிறது. 7 வுட், பெண்கள் தண்டு: ரொம்பத் தொய்வு, பந்து இடப்பக்கம் ஓடுகிறது. பல் பிடுங்குகிற கைக்கு அது ஆகாது. 7 வுட், சீனியர் தண்டு: அப்பாடா.

"அது வயசான அங்கிளுங்களுக்குக்கா."

"அந்த அங்கிளுங்கள விட நான் வேகமா அடிக்கிறேன். பில் போடுங்க."

கறுப்பு. பூ இல்லை.

வாங்க வேண்டியவை: இடது கையுறை, புளி, கிளினிக்குக்குப் பஞ்சு.

12 ஜூலை, சனி

பயிற்சித் திடல். 7 வுட் சொன்னபடி கேட்கிறது. வீட்டில் அப்படி யாரும் இல்லை.

பக்கத்தில் ஓர் அங்கிள், கேட்காமலே அறிவுரை. "தலைய தூக்காதீங்க ஆன்டி." சொல்லிவிட்டு அவர் அடித்த பந்து வலையைத் தாண்டி கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது.

பை அடுக்கியாயிற்று. ஆளுக்குப் பதினான்கு மட்டைதான், அதற்கு மேல் விதி இடம் தராது. சரியாகப் பதினான்கு. பூப்போட்ட 3 வுட்டை அலமாரியில் வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதிசயம்.

13 ஜூலை, ஞாயிறு

குளித்தும் சூடு தணியவில்லை. வரிசையாக எழுதினால் ஆறுமோ என்னவோ.

எங்களோடு ஆடியது பட்டம் வாங்கிய பெரிய மனிதர் டத்தோவும் அவர் மனைவி டத்தினும். இவருடைய லோரிகளுக்கு டத்தோவின் கிடங்கு வேலை வேண்டும். அதற்காகக் காலையிலிருந்தே பல்லிளிப்பு. (பல் சுத்தம் செய்து வருஷமாகிறது.)

மூன்றாவது குழி. ஏதோ நல்ல நேரம், இவர் அடித்தது புல்வெளி நடுவில். நான் 7 வுட்டை எடுத்தேன். பந்து எழும்பியது, கொடிக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது.

"லோகா, வைஃபுக்கு சரியான ஸ்டிக் வாங்கிக் குடுத்துருக்க" என்றார் டத்தோ.

"நான்தான் டத்தோ பாத்து பாத்து செலக்ட் பண்ணேன்."

கூச்சமே இல்லை. மட்டையைப் பைக்குள் திரும்ப வைக்கும்போது துண்டுக்கு அடியில் ஊதா நிறம். பூ.

"என்னங்க இது?"

"தேவப்படும்னு காலைல வச்சேன்லா. ஒண்ணு கூட இருந்தா என்ன, பாரமா?"

பதினைந்து. அபராதமாகக் கணக்கில் நாலு அடி கூடும். இத்தனை வருஷம் ஆடுகிறார், இந்த விதிகூடத் தெரியாது. தணிந்த குரலில் சொன்னேன்.

"யாரும் பாக்கல. கார்ல போட்டுடறேன். டத்தோ முன்னால என் மானத்த வாங்காத."

புஷ்பா அக்கா கொஞ்ச தூரத்தில் கோல்ஃப் வண்டியில். நாலு அடி ஏறினால் ஜொகூரும் போச்சு. பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். அப்படித் தோன்ற வைத்ததற்காக அவர்மேல் இன்னும் ஆத்திரம்.

"அக்கா, என் பையில பதினஞ்சு ஸ்டிக் இருக்கு. அபராதம் எழுதிக்குங்க."

முதலில் வாயைத் திறந்தது இவர். "பொம்பளைங்க பை, டத்தோ. ஹேண்ட்பேக் மாதிரி அள்ளிப் போட்டுக்குவாங்க. எண்ணத் தெரியாது."

டத்தோ சிரித்தார்.

"இது இவரு வச்சது, டத்தோ. நான் வேணாம்னு அலமாரியில வச்சிட்டு வந்தேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஊசி போடுமுன் நோயாளியிடம் பேசுவேனே, அந்தக் குரல். டத்தோவுக்கு உடனே வானிலையில் அக்கறை வந்துவிட்டது. டத்தின் மட்டும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

அதன் பிறகு இவர் அடித்ததெல்லாம் தண்ணீரில், மணலில், மரத்தில். எனக்கு வாய்த்த இடத்திலிருந்தெல்லாம் நன்றாகவே அடித்தேன். பரிசு இல்லை. புஷ்பா அக்கா கணக்கு அட்டையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். திரும்பும்போது ஃபெடரல் ஹைவே முழுக்க இவர் ரேடியோவை அலறவிட்டார்.

15 ஜூலை, செவ்வாய்

ஒருவழியாக மழை. நோயாளிகள் பாதிப் பேர் வரவில்லை.

புஷ்பா அக்கா கிளினிக் நம்பருக்கே கூப்பிட்டார். "ஜொகூருக்கு நீதான். அபராதத்த கழிச்சிட்டு உன் அடிய மட்டும் பாத்தேன்." அப்புறம், "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லு."

ஆண்கள்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கேக்க ஒண்ணுமில்ல அக்கா. வரேன்."

வீட்டில் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றார். கை கழுவியதும் கூட்டாளிக்கு ஃபோன். "டீம்ல எடுத்துட்டாங்கலா. பின்ன? ட்ரெய்னிங் யாரு? நான்தான் பாத்து பாத்து சொல்லிக் குடுத்தேன். ஜொகூருக்கும் கூட போவணும், நான் இல்லாம அவளுக்கு ஆடவே வராது."

போய் எதிரில் நின்றேன்.

"பை தூக்க ஓர் ஆள் கூட்டிட்டு வரலாமாம்" என்றேன்.

முகம் மலர்ந்தது. "நான் வரேனே."

"எண்ணத் தெரிஞ்ச ஆளா கேட்டாங்க."

ஃபோனுக்குள் கூட்டாளி மட்டும் "ஹலோ, லோகா, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.