கசவு வைத்த ஷூ

என் சிரிப்புக்காரி மைனிக்கு,

அண்ணன் பெண்டாட்டியை ‘நீங்க’ என்று கூப்பிடச் சொன்னாள் என் அம்மா. என்னோடு சேர்ந்து ஆறாம் வகுப்பில் தோற்றவளுக்கு என்ன மரியாதை என்று அன்றைக்கே ‘நீ’ போட்டேன். இப்போதும் அப்படித்தான். செத்துப்போனாய் என்பதற்காக மரியாதை கூடிவிடாது.

நேற்று உன் மகள் கொட்டாரம் ஊரிலுள்ள என் தையல் கடைக்கு வந்தாள். பையில் வெளுத்துப்போன ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. அம்மைக்குச் செய்த மாதிரி தனக்கும் துணி ஒட்டித் தர வேண்டுமாம். வெட்டுத்துணி மூட்டையை அவளே அவிழ்த்து நிறம் பார்த்தாள். அவள் கால் நீளத்துக்கு ஒரு முழுச் சேலை வேண்டும் என்று நான் கிண்டலடித்தேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்: “அம்மை அத ஒழுங்கா போட்டுட்டு நடந்திருந்தா இன்னைக்கும் இருந்திருப்பா, இல்லியா அத்தை?”

“ஆமா மக்களே” என்றேன்.

அந்த ‘ஆமா’ பொய் மைனி.

சர்க்கரை நோயில் உன் கால் மரத்துப்போனபோது மூடின ஷூ போடச் சொன்னார் டாக்டர். மகளின் பழைய பள்ளிக்கூட ஷூ உனக்குச் சரியாக இருந்தது. ஆனால் விரல் பக்கம் கிழிசல். இதைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாய். நான் நீலப்பூப் போட்ட மிச்சத்துணியை எடுத்து, பேப்பரில் அளவு வெட்டி, பசை தடவி ஒட்டி, ஓரத்தைக் கையால் தைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். யாருக்கோ ஓணத்துக்குத் தைத்த ரவிக்கையில் மிஞ்சிய, ஜரிகை போட்ட கசவுக்கரை கிடந்தது. கால் நுழைக்கிற வாயைச் சுற்றி வைத்து, உள்பக்கம் மடித்துத் தைத்தேன். தங்கம் மாதிரி மின்னியது.

ரவிக்கைக் கழுத்தில் கசவு வைத்தால் உள்ளே லைனிங் கொடுப்பேன். கொடுக்காவிட்டால் குத்துகிறது என்று போடுகிறவள் சண்டைக்கு வருவாள். உன் குதிகாலுக்குச் சண்டைக்கு வரத் தெரியாது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

“ஏட்டி, போதகரே பிரசங்கத்த விட்டுட்டு என் கால பாக்காருட்டி” என்று காதில் சொன்னாய். பாட்டுப்புத்தகத்தால் வாயை மூடிச் சிரித்தோம். அதற்குப்பிறகு வீட்டுக்குள்ளும் அதை நீ கழற்றவில்லை.

குதிகாலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாயே, அன்று ஷூவைத் துவைக்கலாம் என்று எடுத்துவந்தேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். கசவு இழை பிரிந்து கம்பியாக நின்றது. அந்த இடத்தில் கறை.

மறுநாள், எதில் உரசியது என்று டாக்டர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், “வெறுங்காலோட நடந்தேன் டாக்டரே, கல்லு கிழிச்சிருக்கும்” என்றாய்.

ஏன் மைனி? தெரிந்துதான் சொன்னாயா? இல்லை, நிஜமாகவே கல் என்று நினைத்தாயா? ஊரில் ஒருவரையும் விடாமல் வாயாடுகிற நான் அன்றைக்கு ஊமை மாதிரி நின்றதைப் பார்த்து என்ன நினைத்தாய்?

முதலில் பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்கால்வரை. பிறகு நீயே இல்லை.

அடக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணன் ஒன்றையேதான் சொன்னான்: “வெறுங்காலோட நடக்காதேன்னு சொன்னா கேக்கமாட்டா.” அவனைக் குறை சொல்லி என்ன, உன் சொல்லைத்தானே நம்பினான். வருஷாவருஷம் நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்களிடமும் அதையே சொல்கிறான். நான் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். உன் மகளும் அதைக் கேட்டுக் கேட்டு நம்பிவிட்டாள். செத்தவள் தலையில் பழியை வைத்துவிட்டு, நான் போகிற இடமெல்லாம் ஆட்களைச் சிரிக்கவைத்துக்கொண்டு திரிகிறேன். என் சிரிப்பு எனக்கே கசக்கிறது.

சனிக்கிழமை உன் மகள் ஷூவை வாங்க வருவாள். அவளை உட்காரவைத்து, கிண்டல் கலக்காமல் சொல்வேன்: “உன் அம்மை டாக்டர் சொன்னதைக் கேட்டவள், ஷூவைக் கழற்றாமல் போட்டவள், தப்பு என் தையலில்.” அப்புறம் அவளையும் கூட்டிக்கொண்டு அண்ணனிடம் போவேன். அவள் என்னை அத்தை என்று கூப்பிடாமல் போனால் போகட்டும். சொல்பேச்சுக் கேட்காதவள் என்று உன்னை அந்த வீட்டில் இனி ஒருவரும் சொல்லக்கூடாது. சொல்ல விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் வாயாடி நாத்தனார்