வெள்ளைப் பட்டைக்குக் கீழே மூன்றாவது வரி

செவ்வாய், பிப்ரவரி 3, 2004

இன்று ஓட்ஸ் டப்பாவை முழுதும் வாசித்தேன். பின்பக்கமும். ஒரு டப்பாவுக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்று எழுபத்தொரு வயது வரை எனக்கு யாருமே சொல்லவில்லை. வெர்லீன் கேட்டாள்: “கஞ்சி ஆறுதுய்யா. டப்பாவையா திங்கப் போற?” ஒரு மனைவி பேசுகிற பேச்சா இது?

நூலகத்தில் எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற மிஸ் ஆட்லி தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். இதை எழுதி முடிக்க இரண்டு கோப்பை காப்பி ஆயிற்று.

வியாழன், பிப்ரவரி 5

முடிவெட்டும் கடைச் சுவரில் ஒரு பலகை. ‘இங்கே அரசியல் பேசாதீர்கள்.’ முப்பது வருடமாக அதற்குக் கீழே உட்கார்ந்து அரசியல்தான் பேசியிருக்கிறேன்.

அடுத்த நாற்காலியில் ஹோசியா பேட்டில். மரம் அறுக்கும் ஆலையில் என்னோடு வேலை பார்த்தவன். கடை வானொலியில் ஏதோ புதுப் பாட்டு. “இதெல்லாம் ஒரு பாட்டா? நான் எழுதின சட்டைப் பாட்டு மாதிரி வருமா?” என்றான். கடையே சிரித்தது. முதலில் சிரித்தது நான்தான், வழக்கம்போல. “ஆமாண்டா, மிசிசிப்பி ஆத்தையும் நீதான் வெட்டின” என்றேன். முடி வெட்டிக்கொள்ளாமலே தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

‘என் சட்டையைத் தேய்க்காதே’ — அதைத்தான் சொல்கிறான். எங்கள் ஊர் ஹாட்டிஸ்பர்க்கில் அந்த இசைத்தட்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆலைக்காரர்கள் மீன் பொரித்து ஆடுகிற சனிக்கிழமை விருந்துகளில் நாற்பது வருடம் தட்டுப் போட்டவன் நான். அந்தப் பாட்டு விழுந்தால் முட்டிவலிக்காரர்களும் எழுந்துவிடுவார்கள்.

சனி, பிப்ரவரி 7

டெல்ஃபின் வந்தாள். மற்ற நாளில் பல் மருத்துவரிடம் வேலை. சனிக்கிழமை மதியம் கல்லூரி வானொலியில் பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள் போடுகிற மகாராணி.

“மிஸ்டர் எல்ட்ரிஜ், இருபத்தொண்ணாம் தேதி நிலையத்துக்கு உங்க தட்டுங்களோட வாங்க. சட்டைப் பாட்டு இல்லாம வந்தா கதவத் தெறக்க மாட்டேன்.”

ஒரு காகிதம் தந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டு, பாடியவர், எழுதியவர் பெயரை எழுதித் தர வேண்டுமாம். நிலையத்தின் சட்டம். போன வருடமாக இருந்தால் வயிற்றுவலி என்று சொல்லி நழுவியிருப்பேன். “குடும்மா, எழுதிடலாம்” என்றேன். என்ன சுகமான சொல்!

செவ்வாய், பிப்ரவரி 10

பதினொரு தட்டுகளை எழுதியாயிற்று. இத்தனை காலமும் நிறத்தையும் படத்தையும் வைத்துத்தான் அடையாளம் கண்டேன். ‘பச்சை’ என்று நான் கூப்பிட்டுவந்த பாடகிக்கு அர்னெட்டா என்று பெயராம். மன்னித்துக்கொள், அர்னெட்டா.

பன்னிரண்டாவது, சட்டைப் பாட்டு. அதன் நடுவில் பெயர் இருக்கும் இடத்தை வெள்ளைப் பட்டை ஒட்டி மறைத்திருக்கிறேன். அந்த நாளில் விருந்துகளில் தட்டுப் போடுகிற எல்லோரும் செய்ததுதான். போட்டிக்காரன் எட்டிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொண்டால் அடுத்த வாரம் அவனும் அதை வாங்கிவிடுவானே! பட்டையின் மேல் நானே ஒரு கெளுத்தி மீன் வரைந்திருக்கிறேன். மீசை கொஞ்சம் அதிகம்.

புதன், பிப்ரவரி 11

சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டேன். பட்டை தோல் மாதிரி உரிந்து வந்தது. கீழே மூன்று வரிகள். முதலில் பாட்டின் பெயர். அடுத்து பாடியவன் பெயர். மூன்றாவது, பொடி எழுத்தில்:

எழுதியவர் ஹோசியா பேட்டில்.

விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, நான்கு முறை வாசித்தேன். மாறவே இல்லை.

வியாழன், பிப்ரவரி 12

இன்று எதையும் வாசிக்கவில்லை. டப்பாவைக்கூட.

வெள்ளி, பிப்ரவரி 13

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் இறங்கும்.

1962, ஜூலை. ஆலைக்குப் பின்னால் விருந்து. நல்ல வெயில். தட்டு என் கைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஹோசியா எல்லோர் முன்னாலும் அதை எடுத்து என்னிடம் நீட்டினான். “இது என் பாட்டு. தட்டுலயே போட்டிருக்கு. வேணும்னா படிச்சுப் பாரு!”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது வெர்லீனைத் தவிர யாருக்கும் தெரியாது. தட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். கண்ணைச் சுருக்கினேன். உதட்டை அசைத்தேன். இருக்கிறது என்று சொன்னால் ‘எங்கே, சத்தமாப் படி’ என்பார்கள். இல்லை என்றால் அதோடு முடிந்தது.

“உன் பேரு இல்லையே, ஹோசியா.”

அவ்வளவுதான் சொன்னேன். மீனைக்கூடத் தொடாமல் அவன் போய்விட்டான். மறுநாள் பட்டையை ஒட்டினேன். போட்டிக்காரர்களுக்காக என்று ஊரிடம் சொன்னேன். என்னிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டேனா? அதற்குப் பிறகு அந்தத் தட்டை யாரையும் தொடவிட்டதில்லை. அதை வெளியிட்ட கம்பெனியையும் அடுத்த வருடமே மூடிவிட்டார்கள்.

சனி, பிப்ரவரி 14

வெர்லீனிடம் சொன்னேன்.

“உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் பொய்க்காரன்னு ஊருக்கே தெரியும். எதுய்யா பெருசு?”

“வானொலியில அந்தத் தட்ட மட்டும் போடாம விட்டுட்டா?”

“விடு. அப்படியே என் கையால சாப்பிடறதையும் விட்டுடு.”

இன்று காதலர் தினம். நான் வாங்கிவந்த சாக்லெட்டை எனக்கு ஒன்றுகூடத் தராமல் அவளே தின்று தீர்த்தாள்.

செவ்வாய், பிப்ரவரி 17

வகுப்புக்குப் போகவில்லை. ஹோசியாவின் கொட்டகைக்குப் போனேன். தூண்டிலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தட்டை அவன் முன்னால் வைத்தேன்.

“உன் பேரு இருக்குடா. அன்னிக்கு எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கிற மாதிரி நடிச்சேன்.”

அவன் தட்டைத் தொடவில்லை. “இப்பத் தெரியுமா?”

“தெரியும்.”

“படி.”

படித்தேன்.

“இன்னொரு தடவ.”

படித்தேன்.

“அந்தக் கம்பெனிக்காரன் என் பேரப் போடாம ஏமாத்திட்டான்னு நெனச்சேண்டா. அவன் எழவுக்குக்கூடப் போகல.”

“ஏண்டா, அன்னிக்குத் தட்டு உன் கையிலதான இருந்துச்சு? நீயே பாத்திருக்கலாமே!”

அவன் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். நூலக வாசலில் முதல் நாள் நின்றபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“ஹோசியா... உனக்கும் தெரியாதா?”

“தட்ட எடுத்துக்கிட்டு வெளிய போடா.”

வந்துவிட்டேன். ஒருத்தன் படி என்றான். இன்னொருத்தன் படித்தேன் என்றான். ரெண்டு பேருக்குமே தெரியாது! அட கடவுளே, என்ன கூத்து இது. சிரிப்பு வரணும். வரல.

சனி, பிப்ரவரி 21

வானொலி நிலையத்தில் பதினொரு தட்டும் நன்றாகவே போயின. பன்னிரண்டாவதை வைக்கும்போது டெல்ஃபின் கேட்டாள்: “எழுதினது யாரு, மிஸ்டர் எல்ட்ரிஜ்?” காகிதத்தில் எழுதியிருந்தேன். ஆனால் வாயால் சொல்ல வேண்டுமே.

“ஹோசியா பேட்டில். நம்ம ஊர்க்காரன். நாப்பத்திரெண்டு வருஷமா அவன் சொன்னது நெசம். பொய் சொன்னவன் நான். எனக்கு அப்ப படிக்கத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்.”

என் கதையை மட்டும்தான் சொன்னேன்.

டெல்ஃபின் தட்டின் மேல் முள்ளை வைத்தாள். பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. அவள் அதை ஒலிபரப்பிலேயே விட்டாள்.

“அடுத்த பாட்டெல்லாம் வேணாம். இதையே திரும்பப் போடுங்க.”

“யார் பேசறது?”

“எழுதினவன்.”

சனி, பிப்ரவரி 28

எங்கள் கொல்லையில் மீன் விருந்து. முடிவெட்டும் கடைக்கூட்டம் மொத்தமும் வந்தது. ஹோசியா நல்ல கோட்டு போட்டு, உள்ளே தேய்க்காத கசங்கல் சட்டையோடு வந்தான். வெர்லீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினான்.

“தட்டக் குடு.”

கொடுத்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்தான். கண்ணைச் சுருக்கினான். உதட்டை அசைத்தான். பிறகு தெருமுனை வரை கேட்கிற குரலில்:

“எழுதியவர் — ஹோசியா பேட்டில்!”

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் இன்னும் பலமாகக் கை தட்டினேன்.

பாட்டு ஓடும்போது என் காதருகே வந்தான். “செவ்வாக்கெழம எத்தன மணிக்கு?”

“பத்து.”

“மீன் பிடிக்கப் போறேன்னு வீட்ல சொல்லிருக்கேன். நீயும் ஒரு தூண்டிலோட வந்து தொல.”

செவ்வாய், மார்ச் 2

நூலக வாசலில் இரண்டு தூண்டில்கள் சாய்ந்து நிற்கின்றன. மிஸ் ஆட்லி என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்.