கீழ வீதியில் அம்மா நடக்க

ஜூன் 14, சனி

நூலகத்தில் நகரமைப்பு பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. நடக்கச் சிரமப்படுகிறவர் தனியாக எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதை வைத்துத்தான் ஓர் ஊரை மதிப்பிட வேண்டுமாம். உடனே அம்மா ஞாபகம் வந்தது. கால் முறிந்து கம்பி வைத்த பிறகு, ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறாள். ஆனால் வாசலைத் தாண்டுவதில்லை. "பைக்காரன் இடிச்சிட்டுப் போயிடுவான்டி" என்கிறாள். சரியில்லாதது காலா, தெருவா?

ஜூன் 17

பள்ளியில் 'நம் நகரம்' கண்காட்சி வருகிறது. நான் சிதம்பரம் கீழ வீதியை வரைகிறேன். இருபுறமும் வேப்பமரம். நிழலில் பெஞ்சு. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம்.

ஜூன் 20

சடையப்பன் மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, கீழ வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். என் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா இன்ஜினியரு, தேரு எப்படிப் போவும்? நடராஜர எறங்கி நடந்து வரச் சொல்றியா?"

தேர்! வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்கிறேன். எப்படி மறந்தேன்? மரங்களையெல்லாம் அழித்தேன். தாள் கிழிந்துவிட்டது. அழுகையா வருது. யாரும் எங்கிட்ட பேச வேணாம்.

ஜூன் 21

ஒரு கேள்வி. தேரே போகிற வீதியில் அம்மா ஒருத்திக்கு ஏன் இடமில்லை?

ஜூன் 22

போய்ப் பார்த்தேன். தகரக் கூரைகள், பலகைகள், வண்டிகள். எங்கள் சந்து முனையில் அமிர்தம் அக்காவின் வளையல் கடை; ஸ்டாண்டு நடைபாதையில். அடுத்தது மாமா கடை, அண்டாக்கள் தெருவரைக்கும்.

"வெளிய வெச்சாதான் யாவாரம். அமிர்தம் எடுத்தா நானும் எடுக்கிறேன்" என்றார் மாமா.

அக்காவிடம் போனேன். "ஒங்க மாமா மொதல்ல எடுக்கட்டும்!"

இப்படியே இருந்தால் யார்தான் முதலில் எடுப்பது?

ஜூன் 29

தேர் வருகிறதென்று கடைக்காரர்கள் தாங்களே கூரைகளைக் கழற்றுகிறார்கள். யார் முதலில் என்று ஒருவரும் கேட்கவில்லை!

ஜூலை 1, ஆனித் தேர்

ஐந்து தேர்களும் தெற்கு வீதிக்குத் திரும்பின. கூட்டமும் பின்னாலேயே போய்விட்டது. கீழ வீதி காலி. இவ்வளவு அகலமா இது?

வீட்டுக்கு ஓடினேன். "இப்ப வாம்மா!"

வந்தாள். அமிர்தம் அக்காவின் கடைப்படியில் கொஞ்சம் உட்கார்ந்தாள். பிறகு மாமா கடைவரை நடந்தாள். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா! நீயா? யாரு கூட்டியாந்தா?"

"ஏன்டா, எனக்குக் கால் இல்லியா? எடம் இருந்தா வரமாட்டேனா?"

மாமா ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

ஜூலை 4

கூரைகள் திரும்பி வந்துவிட்டன. வண்டிகளும். மாமாவின் அண்டாக்கள் மட்டும் வெளியே வரவில்லை. கடைக்குள் இடமில்லாமல் அவர் பக்கவாட்டில்தான் நடக்கிறார்.

"ஒரு வாரம் பாக்கிறேன். யாவாரம் படுத்துச்சுன்னா ஒன் படத்துலதான் குடத்தச் சுத்திக் குடுப்பேன்."

ஜூலை 8

கண்காட்சியில் பரிசு இல்லை. மரமும் இல்லை, மேம்பாலமும் இல்லை, வெறும் வீதியை வரைந்திருக்கிறாயே என்றார்கள். வெறும் வீதிதானே வேண்டும்?

அமிர்தம் அக்கா ஸ்டாண்டை உள்ளே இழுத்துவிட்டாள். "ஒங்க மாமாவுக்கு மட்டும்தான் மனசிருக்கா?"

ஜூலை 10

பள்ளிவிட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். "ஒங்கம்மா தம்பி கடைக்குப் போயிருக்கு. தனியாத்தான்."

பையைப் போட்டுவிட்டுச் சந்து முனைவரை ஓடினேன். நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

டீ போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஆறினால் ஆறட்டும்.