தாத்தா வேட்டியில் சுற்றிய பிள்ளை

7.2.77, திங்கள்
வெயில் கொளுத்துகிறது. பினாங்கில் மழை என்று ஒன்று இருந்ததா? பிள்ளைக்கு நாலாம் நாள். பால், துணி, தூக்கம். அத்தை அலமாரியைத் திறந்து மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து அவனைச் சுற்றிவிடுகிறார். மாமா போய் நாலு வருஷம். வேட்டிக்குள் போட்டிருந்த பூச்சி உருண்டை வாசம் வீடு முழுக்க. "புதுத் துணி ஆகாதும்மா. தாத்தா வேட்டி, ஆயுசு கெட்டி."

கண் கொஞ்சம் மஞ்சள். அத்தை: "வெயில்ல காட்டு, போயிடும்லா."

8.2, செவ்வாய்
உள்ளங்கால் வரை மஞ்சள். பால் இழுக்கவில்லை. சிறுநீர் கறுப்புத் தேத்தண்ணி நிறம். இவன் அப்பா அக்கரை மாக் மண்டின் ஃபேக்டரியிலிருந்து ஃபெரி பிடித்து வருவதற்குள் நான் டாக்சியில் ஆஸ்பத்திரிக்கு.

சீன டாக்டர், சின்ன வயது. முதல் கேள்வி: வீட்டில் பூச்சி உருண்டை வைப்பதுண்டா? அடுத்தது: அம்மா வழியில் ஆண் குழந்தை யாரும் மஞ்சள் வந்து தவறியதுண்டா? உண்டு. பெயர் வைக்கும் முன்பே போன என் தாய்மாமன்.

ரத்தத்தையே மாற்ற வேண்டுமாம். கையெழுத்துப் போட்டேன்.

9.2, புதன்
மாற்றினார்கள். நாளை இன்னொரு முறை.

எழுதினால் நிதானம் வரும். பள்ளியில் ஆறாம் படிவத்துக்கு உயிரியல் பாடம் எடுப்பவள் நான். டி.என்.ஏ., நாலே எழுத்து. செல் அதை மும்மூன்றாகப் படித்துப் புரதம் கட்டும். ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வருஷா வருஷம் சொல்கிறேன், பிள்ளைகளும் எழுதிக்கொள்கிறார்கள்.

இவனுக்கு ஆகிவிட்டது. சிவப்பணுவைக் காக்கும் நொதி ஒன்று அரைகுறையாக உருவாகிறது. முதிர்ந்த சிவப்பணுவுக்குள் டி.என்.ஏ. கிடையாது, நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. பூச்சி உருண்டை நெடி ஏறியதும் அணு உடைகிறது. உடைந்ததிலிருந்து வரும் மஞ்சள் மூளைக்கு ஏறும். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும். வேட்டி அவர்கள் வீட்டுது. எழுத்து என்னுது.

11.2, வெள்ளி
வார்டு வாசலில் அத்தை, நர்ஸ் மிஸ்ஸி காதுபட: "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல." வேட்டி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அம்மாகிட்ட சொல்லிடாத. அப்பா வேட்டி. தாங்க மாட்டாங்க."

நான் மட்டும் இரும்பா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேட்டிகளை அவரே கொண்டுபோய் எறிந்துவிட்டார். அத்தையிடம் கரையான் என்றாராம்.

டாக்டர்: பிழைத்துக்கொள்வான். ஆனால் கேட்கும் நரம்பை மஞ்சள் தொட்டிருக்கலாம். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

14.2, திங்கள்
வீடு. மஞ்சள் இல்லை, நன்றாகக் குடிக்கிறான். வாங்க வேண்டியவை: நாப்கின், சோப்பு, ஓமம்.

தலைக்குப் பின்னால் கை தட்டினேன். சிமிட்டினான். கேட்டா, காற்றுப் பட்டா? அத்தை கிலுகிலுப்பை ஆட்டி, "பாரு, பாக்குறான்." முகத்துக்கு நேரே ஆட்டினால் யார்தான் பார்க்கமாட்டார்கள். முருகா, என் குரல் மட்டுமாவது கேட்கட்டும் அவனுக்கு.

18.2, வெள்ளி
சீனப் பெருநாள். காலையில் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் பிள்ளை தூங்கினான். அடுத்த வீட்டில் மாடியிலிருந்து தரைவரை சரவெடி தொங்கவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பற்றவைத்துவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அத்தை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பிள்ளையைத் தூக்க ஓடிவந்தார், பாதி வழியில் நின்றார்.

தூங்குகிறான். விரல்கூட அசையவில்லை.