அக்காவிடம் சொன்ன ஐந்து வருடம்

அக்கா,

இன்று காலை ஆய்வுகூடத்தில் அடைகாப்புப் பெட்டியைத் திறந்தபோது முட்டைகளின் வெதுவெதுப்பான வாசம் முகத்தில் அடித்தது. பல்லேபொலயில் உங்கள் கோழிக்கூட்டு வாசம். உடனே மூடிவிட்டேன்.

என் முதல் ஆராய்ச்சிக்கு முட்டைகள் நீங்கள் தந்தவைதான். உமி நிரப்பிய கூடையில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மாத்தளை வரை வருவீர்கள். அப்போதே உங்கள் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. விழித்திரை மெல்ல அழியும் நோய், மருந்தில்லை என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

"இந்த முட்டைய வெச்சு அப்படி என்னதான் பாக்குற?" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

குஞ்சின் கண் வளரும்போது, என்னவாக மாறுவதென்று இன்னும் முடிவாகாத செல்கள் விழித்திரையில் இருக்கும். நரம்புகள் ஒன்றோடொன்று இணைந்து இரசாயனச் செய்தி அனுப்பத் தொடங்கும் முன்பே, அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகள் இந்தச் செல்களில் வந்துவிடும். அவை எதற்கு என்றுதான் பார்க்கிறேன் என்றேன்.

"பேச ஆள் வர்றதுக்கு முந்தியே காது முளைச்சிருது" என்று சிரித்தீர்கள். பிறகு மெதுவாக, "அந்த செல்ல என் கண்ணுல வெச்சா?"

"அஞ்சு வருஷம் பொறுங்கக்கா."

என் வேலைக்கும் உங்கள் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் திருத்த மனம் வரவில்லை. அது பாசம் மட்டுமல்ல. உங்கள் முன் பெரிய ஆளாகத் தெரிந்ததில் எனக்கும் ஒரு சுகம்.

வெள்ளைத்தடி பிடித்து நடக்கப் பழக்க உக்குவளையிலிருந்து ஒரு மிஸ் வந்தாராம். "என் தங்கச்சி சரிபண்ணிருவா, எனக்கு எதுக்குத் தடி?" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். பார்வை முழுதாகப் போனபின் ஏழு வருடம், கட்டிலுக்கும் குசினி அடுப்புக்கும் இடையே சுவரைத் தடவியே கழிந்தது. யாராவது கூட்டிப்போனால்தான் முத்துமாரியம்மன் கோயில்.

நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்டீர்கள்: "அன்னிக்கு நீ சொன்னது சும்மாதானே?"

"ஆமாக்கா."

"அப்பவே சொல்லியிருந்தா தடியப் புடிச்சுக்கிட்டு கோயிலுக்காவது தனியா போயிருப்பேன்."

குரலில் கோபமில்லை. நான் வாய் திறப்பதற்குள், பார்வையாளர் நேரம் முடிந்ததென்று நர்ஸ் வந்து நின்றார். விடியும்போது நீங்கள் இல்லை.

போன மாதம் முன்பு முச்சக்கரவண்டி ஓட்டிய ஒருவர் மனைவியோடு என்னைத் தேடி வந்தார். உங்கள் நோயேதான். "உங்க ஆராய்ச்சியால எனக்குக் கண்ணு தெரியுமா மிஸ்?"

"தெரியாதுங்க. அதுக்கு இன்னும் ரொம்பக் காலம் ஆகும், எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. கொஞ்சம் தெரியிறப்பவே தடி புடிச்சுப் பழகிக்கிடுங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்தது. அதைத் தாங்க முடிகிறது, அக்கா. அன்றே உண்மையைச் சொல்லி, அது உங்களிடமிருந்து வந்திருந்தாலும் தாங்கியிருக்கலாம்.