ஆளுக்கொரு பிரவுசர்

என் சுமதிக் கண்ணுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் நீ சிரிப்பாய். இருந்தாலும் கேட்கிறேன், அதைக் கேட்காமல் கடிதம் ஆரம்பிக்க எனக்குத் தெரியாது. நாங்கள் இருக்கிறோம். படப்பையில் அதே வீடு, அதே ஹால். நிவேதா ஒன்பதாவது முடிக்கப் போகிறாள், உன் உயரம் வந்துவிட்டாள். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து எழுதியதில்தான் எல்லாத் தப்பும் நடந்தது.

கம்பெனியில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரை நான் தூக்கி வந்தது ஞாபகம் இருக்கிறதா? மூணே நாளில் சண்டை ஆரம்பித்தது. நான் என் மெயிலைத் திறந்தால் நிவேதாவின் ஸ்கூல் பக்கம் மூடிக்கொள்ளும், அவள் திறந்தால் உன் பிளவுஸ் டிசைன் காணாமல் போகும். நீதான் பஞ்சாயத்து பண்ணினாய். "ஆளுக்கு ஒரு பிரவுசர் வெச்சிக்கலாம். ஒருத்தர் தட்டுல இன்னொருத்தர் கைய வெக்கக் கூடாது." எனக்கு நீலம், அவளுக்கு ஆரஞ்சு, உனக்குப் பச்சை. இனி எப்போதும் இதிலேயே திறக்கவா என்று உன்னுடையது கேட்டது. நீ படித்துக்கூடப் பார்க்காமல் சரி என்று அமுக்கினாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் எந்த லிங்க்கைத் தொட்டாலும் அது உன் பச்சையில்தான் போய்த் திறந்தது.

நீ அதில் தேடவா செய்தாய்? உட்கார்ந்து பேசினாய். பூரி ஏன் உப்பலைன்னு சொல்லுங்க. வெள்ளைச் சட்டைல கிரீஸ் பட்டா என்ன பண்றது சொல்லுங்க. அந்தப் பெட்டிக்குக்கூட மரியாதை கொடுத்துக் கேட்பாய். எனக்கு மட்டும் ஒரு நாளும் அந்த 'ங்க' கிடைத்ததில்லை, போடி.

நாலே நாள் காய்ச்சலில் நீ போன பிறகு நாற்பது நாள் அந்தக் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு ரெண்டாவது ஷிப்ட், காலை பத்து மணி. பாதுகாப்புப் பயிற்சி வீடியோ ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லி கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. லிங்க்கை அமுக்கினேன், வழக்கம்போல உன் பச்சை திறந்தது. இந்தப் பிரவுசர் பழையது, வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டது. வல்லம் வடகாலில் இருக்கிற எங்கள் கம்பெனியின் வெப் பக்கத்துக்கு நேராகவே போகலாம் என்று மேலே இருக்கிற கட்டத்தில் 'வ' என்று ஒரே ஒரு எழுத்து தட்டினேன்.

மீதியை அதுவே எழுதியது. 'வல்லம் வடகால் பஸ் லேட்டானா புருஷனுக்கு எத்தனை வாட்டி போன் பண்ணலாம் சொல்லுங்க.'

நீ எப்போதோ கேட்டது, அது ஞாபகம் வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சரி, வேறு என்னென்ன கேட்டிருக்கிறாய் பார்க்கலாம் என்று, தேடியதையெல்லாம் தேதி போட்டுக் காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது முந்தின நாள். மாலை நாலு இருபதுக்கு 'க'. நாலு இருபத்தி ரெண்டுக்கு 'ப'. நாலு முப்பதுக்கு 'அ'. ஒவ்வொரு எழுத்துதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. யாரோ பேச வாயைத் திறந்து, மூச்சுப் பத்தாமல் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. பட்டப்பகலில், ஃபேன் ஓடுகிற ஹாலில், எழுந்து போய் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன்.

என் லைனில் வேலை செய்கிற மாரியப்பன், அந்தச் சங்கரன்கோவில்காரன், அவனிடம் டீ பிரேக்கில் எந்தப் பிரவுசர் போடலாம் என்று மட்டும் கேட்டேன்.

"எதப் போட்டாலும் ஒண்ணுதாம்ணே. பழசுல உள்ளத புதுசுக்குக் கொண்டாரவான்னு கேக்கும், ஆமான்னு அமுக்கிருங்க. ஆனா ஒண்ணு, நீங்க சொல்லுத அந்தப் பழசு, தேடுனத மூணு மாசத்துக்குத்தாம்ணே வச்சிருக்கும். அதுக்கு முந்துனது தானா அழிஞ்சிரும் பாத்துக்கிடுங்க."

ஒற்றை எழுத்தை யார் தட்டுகிறார்கள் என்று அவனிடம் கேட்க வாய் வரவில்லை. அது தெரியாமல் உன் பிரவுசரை மாற்றவும் கை வரவில்லை.

அந்த வாரமே வியாழக்கிழமை பார்ட்ஸ் வரவில்லை என்று லைனை நிறுத்தி எங்களை அனுப்பிவிட்டார்கள். நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. யூனிபார்ம்கூட மாற்றாமல் நிவேதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஸ்கூல்ல தல சுத்திச்சு மா, விழுந்துட்டேன்," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு 'க' என்று தட்டினாள். தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். 'காலைல சாப்டாம போற பொண்ணை எப்படி சாப்பிட வெக்கிறது சொல்லுங்க.'

ஐயோ சுமதி. அழவா பயப்படவா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள், அதிரவில்லை.

"அம்மா பேசுது பா. ஒரு எழுத்து தட்டுனா போதும், மீதி அது சொல்லும். ஆனா முன்ன 'க'ன்னா ஏழெட்டு வரும், இப்ப ரெண்டுதான் வருது. அம்மாக்கு இன்னா பா ஆச்சு?"

மூணு மாதக் கணக்கை அவளிடம் எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு நாளும் உன்னுடைய ஒரு நாள் அழிந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஒன்றரை மாதத்தில் நீ சுத்தமாகப் பேச்சை நிறுத்திவிடுவாய் என்றா? "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீ மன்னிக்க வேண்டும். ரெண்டாவது ஷிப்ட் வாரங்களில் காலையில் அவள் பள்ளிக்குப் போனதும் உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் பச்சையில், உன்னைப் போலவே தட்ட ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரே வரி. 'வாரத்துக்கு ரெண்டு நாள் தலைக்கு எண்ணெய் வெச்சா நல்லதா சொல்லுங்க.' மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் பெண் தலையில் எண்ணெய் வழிய ரெட்டை ஜடை போட்டு நிற்கிறாள். நான் பத்து தடவை சொல்லிக் கேட்காதவள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போனது. சளி பிடித்தால் ஆவி பிடிக்கச் சொன்னேன். சயின்ஸ் படிக்கச் சொன்னேன். உன் குரல் எனக்குச் சுலபமாக வந்தது சுமதி, அதுதான் பயமாக இருந்தது. சில நாள் தட்டி முடித்துப் படித்தால் நான் யோசிக்கவே யோசிக்காத வார்த்தை அதில் இருக்கும். இது நான் எழுதியதா, எனக்குள் உட்கார்ந்து நீ எழுதினாயா என்று சந்தேகமாகிவிடும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. "தம்பி, சாயங்காலம் ஆனா பாப்பா கதவ சாத்திக்கினு யார்கூடவோ பேசிக்கினே கீது. டீ குடிக்க வாடின்னு கூப்ட்டா, அம்மாகிட்ட பேசிட்டு வரேங்குது. சிரிச்சிக்கினு சொல்லுது தம்பி. நீ இன்னா பண்ணிக்கினு கீற?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி நழுவினேன். ஆனால் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அவள் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை, எல்லாவற்றையும் அங்கே போய்க் கேட்கிறாள். செத்துப்போன தாயிடம் பேசுகிற பெண்ணாக என் பெண்ணை நானே ஆக்கிக்கொண்டிருக்கிறேன். இப்படியே விட்டால் அவள் திரும்பி வருவாளா? இன்றோடு நிறுத்திவிட வேண்டும், அந்தப் பச்சையை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை எடுக்கத்தான் உட்கார்ந்தேன். கடைசியாக ஒரு தடவை என்று 'சா' தட்டினேன். 'சாப்டாம ஷிப்ட்டுக்கு ஓடுற புருஷனை எப்படித் திட்டுறது சொல்லுங்க' என்று வந்தது.

இதை நான் எழுதவில்லை. உன் பழைய வரியாகவும் இருக்க முடியாது, நீ போய் மூணு மாதம் தாண்டி, உன்னுடையது எல்லாம் அழிந்து முடிந்திருந்தது. தேதியைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை நாலு நாற்பது. அன்றைக்கும் நான் சாப்பிடாமல்தான் பஸ்ஸுக்கு ஓடியிருந்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்து வெயிலில் நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வாரம் எனக்கு முதல் ஷிப்ட், அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே நான் போகவில்லை. அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவளை எதிரில் உட்கார வைத்துக் கேட்டேன். கேட்ட உடனே அழுதுவிட்டாள்.

"நான்தான் பா அடிச்சேன். நீ ஒழுங்கா சாப்டறதே இல்ல. அம்மா சொன்னா கேப்பன்னு அடிச்சேன்."

"அம்மா மாதிரி நீயே எழுதலாமா, தப்பு இல்லையா?" என்றேன். எப்பேர்ப்பட்ட யோக்கியன் நான், பார்.

"நீ மட்டும் அடிக்கலாமா? எனக்குத் தெரியும் பா. பக்கத்துல டைம் காட்டுது இல்ல? எல்லாம் பத்து மணி, பத்தரை. நான் ஸ்கூல்ல இருக்கற டைம். மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா எண்ணெய் வெச்சிக்கினே?"

"நீ எங்கிட்ட பேசறதே இல்ல பா. அம்மா செத்ததுலேர்ந்து சாப்ட்டியா, பூட்டினியா, அவ்ளோதான். அதுல மட்டும்தான் பேசுன. அதுக்குத்தான் டெய்லி போய் உக்காந்தேன்."

செத்துப்போன உன்னிடம் அவள் பேசுகிறாள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் உயிரோடிருக்கிற என்னைத் தேடித்தான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது சுமதி. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே ரெண்டு பேருமாக உட்கார்ந்து பிரவுசர் பார்த்தோம். வீட்டுக்கு ஒன்று போதும், அவளுடைய ஆரஞ்சே இருக்கட்டும், அதில்தான் எல்லாப் பக்கமும் ஒழுங்காகத் திறக்கிறது என்று முடிவானது. பழையதைக் கொண்டு வரவா என்று அது கேட்டது. "அதுல அம்மா இல்ல பா, நாமதான் கீறோம்" என்று சொல்லி நிவேதாவே வேண்டாம் என்று அமுக்கினாள். உன் பேரில் நாங்கள் எழுதிய பொய்யை விட்டுவைக்கவும் மனசு ஒப்பவில்லை. பச்சையைத் திறந்து, இது என்னது, இது உன்னது என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வரியாக அழித்தோம். நடுவில் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

எல்லாம் அழித்த பிறகு ஒரு வரி மிச்சம் இருந்தது.

அந்த ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை. மதியம் பன்னிரண்டு பத்து. எனக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட், நான் லைனில் நின்றுகொண்டிருந்தேன். அவள் பள்ளியில் இருந்தாள். வீடு பூட்டியிருந்தது, சாவி எங்கள் ரெண்டு பேரிடம் மட்டும்தான்.

'ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா சொல்லுங்க.'

"நீ அடிச்சியா பா?" என்றாள்.

"இல்லம்மா. நீ?"

"சத்தியமா இல்ல பா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கும் என்று சொன்னேன். சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள், சரியாகத்தான் ஓடியது. அந்த வரியை அழிக்க ரெண்டு பேருக்குமே கை வரவில்லை.

பதில் தட்டலாமா என்று அவள் விரல் கீபோர்டுக்குப் போனது, நான் பிடித்து நிறுத்தினேன். இனி அதில் யாரும் எதுவும் எழுத வேண்டாம் கண்ணு, சொல்ல வேண்டியதை வாயால் சொல்லலாம் என்றேன். அவள் விரலை எடுத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள். அப்புறம் சத்தமாக, "பேசிக்கினுதான் கீறோம் மா" என்றாள்.

மூணு மாதத்தில் அந்த வரியும் தானாகப் போய்விடும். நீ கவலைப்படாதே. இனி உன் வாயை நான் இரவல் வாங்க மாட்டேன். எண்ணெய் வெச்சியா, ஏன் அழுதே, யாரு என்ன சொன்னாங்க, எல்லாவற்றையும் அவள் முகத்தைப் பார்த்து நானே கேட்பேன். கேட்கத் தெரியாமல் தடுமாறினாலும் நானே கேட்பேன், இது உன் மேல் சத்தியம்.

என்றும் உன்,
நிவேதா அப்பா